சீறும் பாம்பு – பாகம் 3: எட்டு மணி நேரம்

சென்ற வாரம்: லண்டன் கிளாப்பமில் சிட்னி அல்லார்ட் கட்டிய திறந்த கார், அமெரிக்கக் காடிலாக் வி-8 எஞ்சினைச் சுமந்துகொண்டு 1950 லெ மான் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. ஐரோப்பிய உடலில் அமெரிக்க இதயம் துடிக்கும் என்று அல்லார்ட் நிரூபித்துவிட்டார். ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவருடைய கார்களைப் பந்தயத் தடங்களில் தேட வேண்டியதாயிற்று. அவற்றை ஓட்டிப் பழகிய டெக்சாஸ்காரர் ஒருவர் மட்டும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

*

1960-இல் கரோல் ஷெல்பி நாக்குக்கு அடியில் மாத்திரையை அடக்கிக்கொண்டு பந்தயம் ஓட்டினார்.

நைட்ரோகிளிசரின் மாத்திரை. இதயத்துக்கு ரத்தம் போதாமல் நெஞ்சு இறுகும்போது தருகிற மருந்து. ஓட்டுநர் பார்க்க வேண்டியது எதிரே வரும் வளைவை; ஷெல்பி கூடவே தன் நெஞ்சையும் கவனிக்க வேண்டியிருந்தது. அப்படி ஓட்டியும் அந்த ஆண்டின் அமெரிக்கச் சாலைப் பந்தயச் சாம்பியன் பட்டத்தை வென்றார். ஆண்டு முடிந்ததும் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அப்போது அவருக்கு வயது 37.

டெக்சாஸின் லீஸ்பர்க் என்ற சிற்றூரில் 1923-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே இதய வால்வில் கோளாறு. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பயிற்சியாளர். போர் முடிந்து கோழிப் பண்ணை வைத்தார். முதல் பேட்ச் நல்ல லாபம் தந்தது. இரண்டாவது பேட்சில் கோழிகள் நோய் வந்து மடிந்தன, கைப்பணம் முழுதும் போனது. அதன் பிறகுதான் கார் பந்தயம். பண்ணையில் வேலை செய்த கோடு போட்ட மேலங்கியோடு நேராகத் தடத்துக்கு வந்து ஒருமுறை ஓட்டினார். பத்திரிகைகள் அதைப் படம் பிடித்தன. அதுவே அவர் அடையாளமாயிற்று. 1959-இல் ராய் சால்வடோரியுடன் சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்.

அந்தப் பத்தாண்டில் அவர் இரண்டு உலகங்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டார். ஐரோப்பியக் கார்கள் வளைவில் சொன்னபடி கேட்டன. அவற்றின் எஞ்சின்களோ சிறியவை, நுட்பமானவை, பழுதானால் செலவு வைப்பவை. அமெரிக்க எஞ்சின்கள் பெரியவை, மலிவானவை, எந்த ஊர் மெக்கானிக்கும் சரிசெய்யக்கூடியவை. அவை உட்கார்ந்திருந்த கார்களோ கனத்துத் தள்ளாடின. ஒன்றின் எஞ்சினை மற்றொன்றின் உடலில் வைத்தால்?

நினைப்பு பழையது. அல்லார்ட் செய்ததுதான். ஷெல்பிக்குத் தேவைப்பட்டவை இரண்டு: வாங்கக்கூடிய ஓர் உடல், அந்த உடல் தாங்கக்கூடிய ஓர் எஞ்சின். கையில் இரண்டும் இல்லை, பணமும் இல்லை.

1961-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு நல்ல கார் அங்கே எஞ்சின் இல்லாமல் அநாதையாகப் போகிறது.

*

தேம்ஸ் நதிக்கரையில், சர்ரே மாவட்டத்தின் தேம்ஸ் டிட்டனில் இருந்தது ஏசி கார் நிறுவனம். ஹர்லாக் குடும்பத்தின் சொத்து. குறைந்த எண்ணிக்கையில் கார்களைக் கையால் கட்டும் சிறிய பணிமனை. அவர்கள் 1953-இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கார் ஏசி ஏஸ்.

அதை முதலில் வடிவமைத்தவர் ஜான் டொஜெய்ரோ. போர்ச்சுகீசியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். சொந்தமாகப் பந்தயக் கார் கட்டியவர். ஏணிபோல் இரண்டு நீண்ட எஃகுக் குழாய்கள், ஒவ்வொன்றும் 3 அங்குல விட்டம். முன்னும் பின்னும் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். நான்கு சக்கரங்களும் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும். அதன்மேல் தகடு தட்டுபவர்கள் கையால் வளைத்தெடுத்த அலுமினிய உடல். கூரை கிடையாது. மொத்த எடை 900 கிலோவைச் சுற்றி. இன்றைய சிறிய குடும்பக் கார் ஒன்றின் எடை.

அந்த அழகான உடலுக்குள் முதலில் இருந்த எஞ்சினை ஜான் வெல்லர் 1919-இல் வடிவமைத்திருந்தார். முதல் உலகப் போர் முடிந்த சூட்டில் வரைந்த இரண்டு லிட்டர் எஞ்சின் 1950-களிலும் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் போதவில்லை என்று 1956 முதல் பிரிஸ்டல் நிறுவனத்தின் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினையும் ஏசி பொருத்தியது. அதன் மூல வடிவம் போருக்கு முந்தைய பிஎம்டபிள்யூ 328-இலிருந்து வந்தது. சுமார் 125 குதிரைத்திறன். ஏஸ் அதோடு லெ மான் வரை போய் நல்ல பெயர் வாங்கியது.

1961-இல் பிரிஸ்டல் அந்த எஞ்சினைக் கைவிட்டது. பிரிஸ்டலே தன் சொந்தக் காருக்கு அமெரிக்க கிறைஸ்லர் வி-8 எஞ்சினுக்கு மாறிக்கொண்டது. ஏசி தற்காலிகமாக பிரிட்டிஷ் ஃபோர்டு ஸெஃபிர் காரின் 2.6 லிட்டர் எஞ்சினை எடுத்தது. ஓடியது, விற்பனைதான் ஓடவில்லை.

செப்டம்பரில் சார்லஸ் ஹர்லாக்கின் மேசைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு விமானத் தபால் வந்தது. உங்கள் காரில் ஒரு வி-8 எஞ்சினை வைக்கலாமா என்று ஷெல்பி கேட்டிருந்தார். தகுந்த எஞ்சின் கிடைத்தால் பேசலாம் என்று ஹர்லாக் பதில் எழுதினார்.

தகுந்த எஞ்சின்! அந்தச் சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது. அல்லார்டின் காரில் இருந்த காடிலாக் எஞ்சின் 300 கிலோவைத் தாண்டும். ஏஸின் மெல்லிய குழாய்களின் மூக்கில் அதை வைத்தால் கார் வளைவில் திரும்பாமல் நேரே போகும். ஷெல்பி முதலில் ஷெவர்லேவிடம் கேட்டுப் பார்த்தார். அவர்களிடம் ஏற்கெனவே கார்வெட் இருந்தது. தங்கள் காரைத் தோற்கடிக்கத் தாங்களே எஞ்சின் கொடுப்பார்களா? மறுத்துவிட்டார்கள்.

*

இந்தக் கதையில் பந்தய வீரர்களுக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்காதவர்கள் வார்ப்படத் தொழிலாளர்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்தத் தொடரே இல்லை.

எஞ்சினின் உடலை வார்க்க மணலில் அச்சு செய்வார்கள். சிலிண்டருக்கும் அதைச் சுற்றி நீர் ஓடும் வழிக்கும் வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தின் உருவில் மணலால் கருக்கள் செய்து அச்சுக்குள் நிறுத்தி, உருகிய இரும்பை ஊற்றுவார்கள். கரு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் தடிக்கும், மறுபக்கம் மெலியும். அந்தப் பயத்தால் எல்லாப் பக்கமும் தேவைக்கு மேல் தடிமன் வைத்து வார்ப்பதே வழக்கம். அமெரிக்க வி-8 எஞ்சின்கள் கனத்துக் கிடந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஃபோர்டின் வார்ப்படக்காரர்கள் கருக்களை மிகத் துல்லியமாகச் செய்து, அசையாமல் நிறுத்தும் வழியைக் கண்டார்கள். சுவர் மெலிந்தது, வலு குறையவில்லை. 1962-ஆம் ஆண்டு மாடலான ஃபேர்லேன் குடும்பக் காருக்காக அவர்கள் வார்த்த 221 கன அங்குல வி-8, 200 கிலோவைச் சற்றே தாண்டியது. எட்டு சிலிண்டர்களும் இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்பதால் எஞ்சின் நீளத்தில் குட்டையாக இருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நீளவாக்கில் அடைத்திருந்த இடத்தில் இதை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்கார வைக்கலாம். மூக்கு கனக்காது.

ஷெல்பி அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டதும் ஃபோர்டின் பந்தயப் பிரிவிலிருந்த டேவ் எவன்ஸைப் பிடித்தார். எவன்ஸ் இரண்டு எஞ்சின்களை அனுப்பி வைத்தார். விரைவிலேயே அதே எஞ்சினின் பெரிய வடிவம் வந்தது: 260 கன அங்குலம், அதாவது சுமார் 4.3 லிட்டர். முறுக்கேற்றினால் 260 குதிரைத்திறன்.

அந்த நாளில் ஃபோர்டுக்கும் ஒரு தேவை இருந்தது. ஃபோர்டு பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்த லீ ஐகோக்கா இளைஞர்களைக் கவரும் காரைத் தேடிக்கொண்டிருந்தார். ஷெவர்லேயின் கார்வெட்டுக்கு எதிராக நிறுத்த அவரிடம் எதுவும் இல்லை. ஷெல்பி அந்த இடத்தில் கால் வைத்தார். இங்கிலாந்துக்காரர்கள் உடலைக் கடனுக்குத் தந்தார்கள்; டெட்ராய்ட்காரர்கள் எஞ்சினைக் கடனுக்குத் தந்தார்கள். இரண்டு கடனுக்கும் நடுவே நின்றவரிடம் இருந்தது ஒரு பெயர் மட்டும். அது தனக்குக் கனவில் வந்தது என்றே அவர் கடைசிவரை சொன்னார்.

கோப்ரா.

*

1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாத கார் ஒன்று லண்டனிலிருந்து விமானத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வந்து இறங்கியது. அதன் எண் சிஎஸ்எக்ஸ் 2000.

தேம்ஸ் டிட்டன்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. சேஸிஸ் குழாய்களின் சுவரைத் தடிமனாக்கியிருந்தார்கள். பழைய டிஃபரன்ஷியல் இந்த எஞ்சினின் முதல் உதைக்கே சிதறிவிடும் என்று கணக்குப் போட்டு, ஜாகுவார் இ-டைப்பில் இருந்ததுபோன்ற பெரிய டிஃபரன்ஷியலைப் பொருத்தியிருந்தார்கள். அகலமான வி-8 உட்கார இடம் வேண்டும் என்று ஸ்டியரிங் பெட்டியை நகர்த்தியிருந்தார்கள்.

ஷெல்பிக்கு அப்போது சொந்தப் பணிமனை கிடையாது. சான்டா ஃபே ஸ்பிரிங்ஸில் டீன் மூன் என்பவரின் பணிமனையில் ஒரு மூலையை வாடகைக்கு வைத்திருந்தார். அங்கே எஞ்சினும் கியர் பாக்ஸும் காத்திருந்தன. கார் உள்ளே வந்தது. எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எஞ்சின் உட்கார்ந்து, குழாய்கள் இணைந்து, கார் தெருவுக்கு வந்துவிட்டது.

அந்தக் கடைசி நட்டை இறுக்கியபோது அவர்கள் கையிலிருந்தது என்ன என்று ஒரு சிறு கணக்கு சொல்லும். பிரிஸ்டல் எஞ்சினுடன் ஏஸ் காரில் டன்னுக்குச் சுமார் 140 குதிரைத்திறன். கோப்ராவில் டன்னுக்குச் சுமார் 280. எடை ஏறக்குறைய அப்படியே இருக்க, திறன் இரண்டு மடங்கு. போட்டியாளரான புதிய கார்வெட் இசட்06-இன் எஞ்சின் 360 குதிரைத்திறன் தரும். ஆனால் அந்தக் கார் கோப்ராவைவிட 400 கிலோவுக்கும் மேல் கனம். டன் கணக்கில் பார்த்தால் கார்வெட்டே பின்தங்கியது.

ஒரே ஒரு கார்தான் இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. ஒவ்வொரு பத்திரிகை ஓட்டிப் பார்க்க வரும்போதும் அதே காருக்கு வேறு வேறு நிறம் பூசினார்கள். நாட்டின் பல மூலைகளில் கோப்ராக்கள் ஓடுவதாக வாசகர்கள் நம்பினார்கள். ஏப்ரலில் டீன் ஜெஃப்ரீஸின் கையால் மின்னும் மஞ்சள் பூசிக்கொண்டு நியூயார்க் கண்காட்சியில் ஃபோர்டின் அரங்கில் நின்றதும் அதே கார்தான்.

'ரோட் அண்ட் ட்ராக்' சோதனையில் அது மணிக்கு 60 மைல் வேகத்தை 4.2 நொடியில் தொட்டது. உச்ச வேகம் மணிக்கு 153 மைல், அதாவது சுமார் 246 கிலோமீட்டர். 1962-இல் சாலைப் பதிவெண்ணோடு வாங்கக்கூடிய ஒரு காருக்கு இந்த எண்கள் நம்ப முடியாதவை.

எண்களைப் பார்த்து எல்லோரும் கொண்டாடினார்கள். எண்களில் ஏறாத ஒன்று காருக்குள் காத்திருந்தது.

*

எஞ்சின் பிறப்பிக்கும் முறுக்குவிசை அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. முதல் கியரில் ஒருமுறை பெருகும். டிஃபரன்ஷியலில் மீண்டும் பெருகும். கோப்ராவில் இரண்டையும் கடந்து வரும்போது எட்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அத்தனையும் பின்னால் இருக்கும் இரண்டு தண்டுகள் வழியாகப் பகிர்ந்து போய், சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் முடியும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டால் ஹப் அந்த முறுக்கைத் தாங்க வேண்டும். அதே நேரத்தில் கார் வளைவில் திரும்பினால் பக்கவாட்டு விசை அதை வளைக்கப் பார்க்கும். பந்தய டயரின் பிடி கூடினால் அந்த வளைப்பும் கூடும்.

சேஸிஸும் சும்மா இருப்பதில்லை. இரண்டு குழாய்களால் ஆன ஏணியை ஒரு பலசாலி எஞ்சின் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கப் பார்க்கும். ஏணி முறுகினால் சக்கரங்கள் நிற்கும் கோணம் மாறும். கோணம் மாறினால் ஓட்டுநர் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாது.

இலகுவான திறந்த காரில் பெரிய எஞ்சினை வைப்பவர்கள் எல்லோரும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். திறன் கூடும்போது அது காரின் மிகப் பலவீனமான உறுப்பைத் தேடிப் போகிறது. அதை நீங்கள் பலப்படுத்தினால் அடுத்த பலவீனத்தைத் தேடிப் போகிறது. டிஃபரன்ஷியலை மாற்றினால் தண்டு. தண்டைத் தடிமனாக்கினால் ஹப். ஹப்பைச் சரிசெய்தால் பிரேக், பிரேக்குக்குப் பிறகு சேஸிஸ். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பு கூடுகிறது. எந்த இலகுத்தன்மைக்காக இந்தக் காரைத் தேர்ந்தார்களோ அது கொஞ்சம் கரைகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கைகளுக்கே வெற்றி.

கோப்ராவின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் அது தாங்கும் திறனின் வரலாறு. எஞ்சினைத் தூக்கி வைக்க எட்டு மணி நேரம் போதுமாக இருந்தது. அந்த எஞ்சினுக்கு ஏற்ற காரைக் கட்டி முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. அந்த உழைப்பைச் செய்தவர்களின் பெயர்கள் காரின் மூக்கில் எழுதப்படவில்லை என்பதால் நாம் அவர்களை விட்டுவிடக் கூடாது.

டிஃபரன்ஷியலை தேம்ஸ் டிட்டன் முன்கூட்டியே பார்த்துக்கொண்டது. அப்படியானால் அடுத்து எது?

விடை சொல்லும் நாள் 1962 அக்டோபர் 13.

*

லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, வறண்ட குன்றுகளுக்கு நடுவே இருந்தது ரிவர்சைடு பந்தயத் தடம். மூன்று மணி நேரப் பந்தயம். ஷெவர்லே ஆதரவாளர்கள் நான்கு புத்தம்புதிய கார்வெட் இசட்06 கார்களை இறக்கியிருந்தார்கள். அந்த மாடலுக்கு அதுவே முதல் களம். டேவ் மக்டொனால்ட், பாப் பாண்டுரன்ட், ஜெரி கிராண்ட், டக் ஹூப்பர் ஆகிய நால்வர் அவற்றை ஓட்டினார்கள்.

அவர்களுக்கு எதிரே ஒரே ஒரு கோப்ரா. எண் சிஎஸ்எக்ஸ் 2002. ஓட்டுநர் பில்லி கிராவுஸ்.

கோப்ராவுக்கும் அதுதான் முதல் பந்தயம். கார்வெட்காரர்கள் அந்தச் சிறிய ஆங்கிலேய உடலைப் பெரிதாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை. கொடி இறங்கியதும் முன்னால் ஓடியது மக்டொனால்டின் கார்வெட். கிராவுஸ் அதை விடாமல் துரத்தினார். வளைவுக்குள் கோப்ரா தாமதமாக பிரேக் பிடித்தது. குறைந்த எடையை நிறுத்தக் குறைந்த தூரம் போதும். வளைவிலிருந்து வெளியேறும்போது அந்த வி-8 காரை முன்னே எறிந்தது. கோப்ரா முன்னிலைக்கு வந்தது. வந்ததோடு நிற்கவில்லை, விலகிப் போக ஆரம்பித்தது.

கார்வெட் முகாமில் கலக்கம். உலகின் மிகப் பெரிய கார் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டுக் கட்டிய காரை, வாடகை மூலையில் பிறந்து எட்டு மாதமே ஆன ஒரு பெயர் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

இடைவெளி கூடிக்கொண்டே போனது. கிராவுஸின் கையில் பந்தயம் இருந்தது.

அப்போது பின்சக்கரத்தின் ஹப் உடைந்தது.

எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, கியர் பாக்ஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவின் 260 குதிரைகள் தேம்ஸ் டிட்டனின் 125 குதிரைகளுக்காக வடிக்கப்பட்ட ஓர் உலோகத் துண்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டன. கோப்ரா ஓரம்கட்டியது. டக் ஹூப்பரின் கார்வெட் முதலில் முடித்தது. பதிவேட்டில் வெற்றி ஷெவர்லேவுக்கு.

பதிவேடு ஒன்றைச் சொல்லவில்லை. அன்று கார்வெட்டின் கண்ணாடி வழியே கோப்ரா விலகிப் போவதைப் பார்த்த நால்வரில் இருவர், பின்னாளில் அந்தக் கார்வெட்டை விட்டிறங்கி ஷெல்பியிடமே வந்து சேர்வார்கள். ஒருவர் நான்கு மாதத்துக்குள் இதே ரிவர்சைடில் பழி தீர்ப்பார். மற்றவர் ஃபெராரியின் கோட்டைக்குள்ளேயே நுழைவார்.

ஆனால் அதற்கு முன் உடைந்த ஹப்புக்கு ஒரு விடை வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் பகுதியில் ஷெல்பி புதிதாக எடுத்த பணிமனையில் பில் ரெமிங்டன் இருந்தார். அதிகம் பேசாமல் உலோகத்தைப் பேசவைக்கத் தெரிந்த மனிதர். அந்த இடத்துக்கு இன்னொருவரும் வந்துகொண்டிருந்தார். இங்கிலாந்தில் பிறந்தவர், போரில் டாங்கிப் படையில் இருந்தவர், வாயில் வந்ததைப் பேசிவிடுபவர். பெயர் கென் மைல்ஸ்.

ரெமிங்டன் காரை உடையாமல் வைக்கப் பார்த்தார். மைல்ஸுக்கோ வேறு ஓர் எண்ணம் வந்தது: 4.3 லிட்டருக்கே இந்தப் பாடு படும் அதே மெல்லிய குழாய்களின்மேல் 7 லிட்டர் எஞ்சினைத் தூக்கி வைத்தால் என்ன?

வைத்தார். 1964 மார்ச்சில் அதை செப்ரிங் பந்தயத் தடத்துக்கே கொண்டும் வந்தார். பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் அந்தக் கார் தடத்தை விட்டு விலகியது. எதிரே ஒரு மரம்.

(தொடரும்)